ஒளிக்கோடு தாண்டி வந்தவன்

கிட்டே வாருங்கள், செல்லங்களே. பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கதை... என் தோழி சந்திரமதியின் மருமகனுக்கு நேர்ந்தது.

பொழுது சாய்ந்து ஏழு மணி. மலேசியாவில் உலு திராமிலிருந்து பாசிர் கூடாங் போகும் செம்பனைத் தோட்டச் சாலை. ஈ காக்கை இல்லை. ஒரே மோட்டார் சைக்கிளில் மருமகன் விஜயேந்திரனும் சந்திரமதியின் மகன் பரமேஸ்வரனும் வேலைக்குப் போனார்கள்.

"மாப்பிள்ளை, பரமனக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க" என்று சந்திரமதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர்கள் வேலை பார்த்த ரசாயன ஆலையை நிறுத்திப் பழுது பார்த்த கடைசி நாள் அது. வீண்வாயுவை எரிக்கிற உயரமான புகைபோக்கி. அதற்குப் போகும் பெரிய குழாய். பரமன் உள்ளே குனிந்து கரி சுரண்டினான். விஜயேந்திரன் கட்டுப்பாட்டு அறையில்.

அந்தக் குழாயின் புகைபோக்கி முனையில் இரண்டு லேசர் ஒளிக்கோடுகள் உண்டு. வாயுவோடு போகும் தூசி முதல் கோட்டில் மின்னும், பிறகு அடுத்ததில் மின்னும். அந்த இடைவெளியை வைத்து வேகத்தைக் கட்டுப்பாட்டு அறைத் திரை சொல்லும். இப்போது வாயு இல்லை. திரையில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

இல்லை... ஏதோ தாண்டியது. மெதுவாக. ஆள் நடக்கிற வேகம். புகைபோக்கியிலிருந்து உள்நோக்கி.

"பரமா, அந்தக் கோடிக்குப் போனியா?" என்று விஜயேந்திரன் வாக்கி டாக்கியில் கேட்டான்.

"இல்ல அத்தான், வாசல்கிட்டதான் இருக்கேன்."

"வெளிய வா. உடனே!"

வாக்கி டாக்கியில் கரகரப்பு... பிறகு ஒன்றுமில்லை.

சற்று நேரத்தில் பரமன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மேலெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். குழாய்க்குள் போகிறவன் வாசலில் மாட்டும் பெயரட்டை அவன் கையில் இருந்தது. அட்டை இல்லையென்றால் உள்ளே ஆளில்லை. குழாய் வாசலைத் திருகாணி முடுக்கி மூடிவிட்டார்கள்.

அப்பாடா என்று விஜயேந்திரன் மூச்சு விட்டான். வாக்கி டாக்கி பேசியது.

"அத்தான்... ஏன் மூடுறாங்க? நான் உள்ளதானே இருக்கேன்!"

பக்கத்தில் இருந்தவன் வாயே திறக்கவில்லை. தேநீரை ஊதிக்கொண்டிருந்தான்.

விஜயேந்திரன் மேற்பார்வையாளர் முஜிபுர் ரஹ்மானிடம் ஓடினான். "திறங்க பாய்! பரமன் உள்ள இருக்கான்!"

"அலமாக்! ஆளப் பக்கத்துல வச்சுக்கிட்டு என்ன விளையாட்டு லா? அட்டை எடுத்தாச்சு. கேஸ் விடப் போறாங்க, போய் இடத்துல உட்காரு."

விஜயேந்திரன் குழாய் வாசலுக்கு ஓடினான். வெறுங்கைக்கு அசைகிற ஆணியா அது? உள்ளிருந்து டொக்... டொக்... பிறகு காலடிகள், தூரமாக.

திரும்பி வந்தபோது திரை காட்டியது ஆள் ஓடுகிற வேகம். புகைபோக்கியை நோக்கி. அடுத்த நொடி வாயு பாய்ந்தது. வெளியே தீ குப்பென்று எழுந்தது.

விடியலில் இருவரும் அதே மோட்டாரில் திரும்பினார்கள். வழியெல்லாம் இடுப்பைப் பிடித்திருந்த அந்தக் கைகள்...

"வந்துட்டியா ராசா!" என்று சந்திரமதி அவனை அள்ளி அணைத்துக்கொண்டாள்.  பெற்றவளிடம் விஜயேந்திரன் என்னவென்று சொல்வான்? செருப்பைக் கழற்றிவிட்டு அவனும் உள்ளே போனான்.

தூங்குங்கள், கண்ணுகளே. உங்கள் வீட்டிலிருந்து போனவரே உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.