பதினாலாம் நெரை

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. கோலா பிலாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். விடிகாலை மணி நாலே முக்கால்.

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், இந்த மழையில் சரியாகக் கேட்காது. நம் திருச்செல்வத்தின் தாய்மாமா நல்லசாமிக்கு நடந்தது இது.

லயத்து வீடுகளிலிருந்து, ஆட்கள் கூடும் பெரட்டுக் களம் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் மண் சாலை. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. நல்லசாமி மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது வயது, வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை. மகன் புவனேஸ்வரன் ஐ.நா. அமைதிப்படையோடு லெபனானுக்குப் போய் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் மனிதர் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கியதில்லை. எப்போது பார்த்தாலும் கடிகாரத்தில் ஆறு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டிருப்பார். இங்கே நாலே முக்கால். அங்கே இன்னும் நேற்று ராத்திரி, பத்தே முக்கால். சாப்பிட்டிருப்பானா... காவலுக்கு நிற்கிறானா... அதற்கு மேல் நினைக்கத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகன் போன் எடுக்கவில்லை. மனைவி வள்ளியம்மா அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன.

பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிடுவார், ஆள் பதில் சொல்வார், பிறகுதான் வேலை. பேர் கூப்பிடப்படாதவன் அன்றைக்கு இல்லாதவன். அதனால்தான் மகன் விமானம் ஏறிய மறுநாளே, ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தின் கடைசி வரியில் அவன் பேரையும் நல்லசாமி எழுதிவைத்தார். தினமும் கடைசியாகக் கூப்பிடுவார். பதில் வராது. புத்தகத்தை மூடிவிடுவார்.

முந்தின நாள் ராக்கம்மா சீண்டினாள். பால்மரம் வெட்டியே பல் போன கிழவி.

“தெனம் கூப்பிடுறியே மண்டோரே, பட்டாளத்துக்காரனுக்கு நெரை பிரிச்சிக் குடுக்கலியா? சும்மா நின்னா ஆபீஸ் கிராணி ஏசுவான்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்லசாமிக்குக் கோபப்படக்கூட அலுப்பு.

“பதினாலாம் நெரை ரெண்டு வருசமா காலியாத்தான கெடக்கு. அந்த வரிசைய அவனே வெட்டட்டும்.”

சொன்னதோடு விட்டிருக்கலாம். மகன் பேருக்கு எதிரே பதினாலு என்று எழுதியும் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை களத்தில் ஒன்பது நெற்றி விளக்குகள். பேர்களைக் கூப்பிட்டு முடித்தார். கடைசி வரி.

“புவனேஸ்வரன்.”

...

“இருக்கேன், மண்டோர்.”

சத்தமாக இல்லை. மரங்களுக்குள்ளிருந்து வந்தது. ஒன்பது விளக்கும் அந்தப் பக்கம் திரும்பின. மரம்... அதற்குப் பின்னால் மரம். ஒட்டுப்பால் நாற்றத்துக்கு நடுவே பூட்ஸ் பாலிஷ் வாசம். பிறகு அந்தச் சத்தம். சர்ர்... சர்ர்... கத்தி பட்டையைச் சீவுகிறது. நிதானமாக, ஒரு மரம் முடித்து அடுத்த மரம்.

“எவனோ வெளையாடுறான்,” என்றான் ஒன்பது பேரில் ஒருவனான மாயாண்டி. ஆனால் கால் எடுத்து வைக்கவில்லை.

வெளிச்சம் வந்த பிறகு நல்லசாமி தனியாகப் போனார். பதினாலாம் நெரையில் கவிழ்ந்து கிடந்த பால் மங்குகள் எல்லாம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் பால். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வெட்டு வலது பக்கம் உயர்ந்து இடது பக்கம் சரிந்திருந்தது. அந்தத் தோட்டத்தில் யாரும் அப்படி வெட்டுவதில்லை. பள்ளி விடுமுறையில் உதவிக்கு வரும்போது புவனேஸ்வரன் மட்டும் அப்படி வெட்டுவான், இடது கைக்காரன். “மரத்தக் கெடுக்காதடா” என்று அவரே திட்டியிருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. அடுத்த மூன்று நாளும் வாசலில் ராணுவ வண்டி வந்து நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை மகனே கூப்பிட்டான்.

“பங்கர்ல இருந்தோம்பா. லைன் இல்ல. திங்கக்கெழம ராத்திரி பதினோரு மணி இருக்கும். நீங்க பெரட்டுல கூப்பிடுற மாதிரியே கேட்டுச்சு. இருக்கேன்னு சொல்லிட்டேன். பக்கத்துல இருந்தவன் சிரிச்சான்லா.”

திங்கட்கிழமை ராத்திரி அங்கே பதினொன்று. இங்கே செவ்வாய் விடிகாலை ஐந்து. நல்லசாமி மறுநாள் பெரட்டிலும் மகன் பேரைக் கூப்பிட்டார். பதில் வந்தது. அதற்கு மறுநாளும்.

மார்ச்சில் மகன் திரும்பி வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வள்ளியம்மா கோழி அடித்துச் சமைத்தாள். சுவரோரமாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கொஞ்சம்தான் சாப்பிட்டான். மறுநாள் விடிகாலை அவனாகவே அப்பாவோடு பெரட்டுக்குப் புறப்பட்டான். ராக்கம்மாவின் கத்தியை வாங்கி, களத்து ஓரத்தில் நின்ற மரத்தில் ஒரு வெட்டுப் போட்டான். சுத்தமான வெட்டு. இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரிந்தது.

கத்தி வலது கையில் இருந்தது.

“எடது கை என்னடா ஆச்சு?”

“நான் எப்பவும் இந்தக் கைதானப்பா.”

நல்லசாமி புத்தகத்தைத் திறந்தார். ஒன்பது பேரையும் கூப்பிட்டார். கடைசி வரியைக் கூப்பிடாமல் மூடினார். மகன்தான் பக்கத்தில் நிற்கிறானே.

பதினாலாம் நெரையிலிருந்து குரல் வந்தது.

“மண்டோர்... என் பேரு?”

அவர் புத்தகத்தை மறுபடி திறந்து கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவன் வாய் திறக்கவில்லை. பதில் மரங்களுக்குள்ளிருந்து வந்தது.

மகன் இப்போது தோட்டத்தை விட்டு, பாரோயில் வாடகை வீட்டில் இருக்கிறான். நல்லசாமிக்குச் சென்ற வருடமே அறுபது முடிந்தது. வேலையை விடவில்லை. விட்டால் அந்தக் கடைசி வரியை யார் கூப்பிடுவது?