பேராசிரியருக்கு மட்டும் விலக்கு இல்லை

“ஹலோ… சார், நானும் அதைத்தானே… கொஞ்சம் என்னையும் பேச விடுங்க சார்… ஆமா, ஆமா, எங்க ஆய்வகத்தைத் தணிக்கை பண்ண வர்ற குழுவுக்கு நீங்கதான் தலைவர். யாரு இல்லேன்னா? ஆனா கன்னத்துக்குள்ள பஞ்சு தேய்ச்சு டிஎன்ஏ மாதிரி குடுக்காம உள்ள விட மாட்டேன்.”

தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநர் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். பேசுவது அவளுடைய பழைய பேராசிரியர். மரபணு ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். ஆறாம் வருஷம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவரும் அவர்தான்.

“இதுல என்ன சார் அவமானம்? தரை துடைக்கிற அம்மாலேர்ந்து என் வரைக்கும் எல்லாரும் குடுத்திருக்கோம். ரத்தக்கறையில வேண்டாத டிஎன்ஏ வந்தா, அது குற்றவாளியோடதா, நம்ம ஆளு தும்மினதான்னு தெரியணும்ல?… ஆமா… ஆமா, விதி நான் போட்டதுதான்.”

போட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று அவருடைய ஆய்வகத்தில் பெண் நோயாளிகளின் மாதிரிகளில் வேற்று டிஎன்ஏ கலந்து, மூன்று வருஷ உழைப்பு பாழாய்ப் போனது. இவள் கை சுத்தமில்லை என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். கலந்திருப்பது ஓர் ஆணுடையது என்று அவள் முடிவுத்தாளை நீட்டினாள். வாங்கிக் கிழித்துப் போட்டார். மாதிரிகள் இருந்த அறையின் சாவி இருந்தது இரண்டே பேரிடம்: அவளிடமும் அவரிடமும்.

அதன்பின் ஆராய்ச்சிப் பக்கம் அவளை யாரும் சேர்க்கவில்லை. இங்கே வந்து, சட்டையில் படிந்த கறையை வெட்டியெடுக்கும் உதவியாளராகத் தொடங்கி, பதினெட்டு வருஷத்தில் இந்த நாற்காலிக்கு வந்தாள்.

“பழசை நான் எடுக்கலையே சார், நீங்கதான் எடுக்கறீங்க… எந்தத் தாளு?… ஓ, அதுவா. நீங்க கிழிச்சது நகல். அசல் என்கிட்ட பத்திரமா இருக்கு.”

மறுமுனையில் குரல் இறங்கிவிட்டது.

“சேச்சே, உங்க மாதிரியை அதோட ஒப்பிட்டுப் பாக்க எனக்கு அதிகாரமே இல்ல. சட்டம் விடாது. அப்புறம் ஏன் சார் பயப்படறீங்க?… என்னது, உடம்பு சரியில்லையா? இவ்வளவு நேரம் நல்லாத்தானே கத்தினீங்க…”

பதிவேட்டை இழுத்துத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“சரி, வர வேணாம். மாதிரி தர மறுத்துட்டார்னு எழுதிடறேன். ஒரு பிரதி உங்க பல்கலைக்கழகத்துக்குப் போகும், அது வழக்கம்… கெஞ்சாதீங்க சார், பழக்கமில்லாத வேலை… இங்க காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதட்டும்?”