கோகுல்ராஜ் பேசி முடித்த வீடியோ

சன்னல் பக்கம் உட்கார வேண்டாம் ஐயா. மதியத்துக்கு மேல் வெயில் நேரே அங்கேதான் விழும். இந்தப் பக்கம் வந்துவிடுங்கள், ஃபேனும் கொஞ்சம் சுற்றும்.

பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிடலாம். காலையிலிருந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். காலாண்டுத் தேர்வு வருகிறது, ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் இன்னும் பாதியில் நிற்கிறது. அந்த வீடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது அசீம் இல்லை. நான்தான் போட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மோகனா. இந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர். வருஷா வருஷம் அறிவியல், கணித வீடியோப் போட்டி என்று ஒரு சுற்றறிக்கை வரும். மாணவர் ஒரு விஷயத்தை எடுத்து மூன்று நிமிடத்துக்குள் தாமே விளக்கிப் பேசி அனுப்ப வேண்டும். ஹெட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டு என் மேசையில் வைப்பார். வைத்துவிட்டு, 'நீங்க பாத்துக்குவீங்க' என்பார். இத்தனை வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. எல்லாப் பள்ளியிலும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். எழுதுவது டீச்சர், பேசுவது 'முகம்'. ஆண்டு விழாவில் வரவேற்புரை, சுதந்திர தினப் பேச்சு, உங்களைப் போல அதிகாரிகள் யாராவது வந்தால் பூங்கொத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரே பிள்ளையைத்தான் நிறுத்துவோம். இந்த வருஷத்து முகம் ஒன்பதாம் வகுப்பு ஸ்ரீராம்குமார். நல்ல பையன், கண் சிமிட்டாமல் பேசுவான். என்ன பேசுகிறோம் என்று தெரியாவிட்டாலும் அதே மாதிரி பேசுவான், எங்களுக்கு அதுவும் ஒரு வசதி.

கோகுல்ராஜும் அதே வகுப்புதான். மானாம்பதியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அம்மா அம்முலு, நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றுகிற கூலி வேலைக்குப் போகிறவள். பள்ளி விட்டதும் பையனும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வான். அவனுக்குத் திக்குவாய். ஒரு சொல்லில் நின்றுவிட்டான் என்றால், நான் கரும்பலகையை முழுக்க அழித்துவிட்டுத் திரும்பினாலும் அதே சொல்லில்தான் நின்றிருப்பான்.

இந்த வருஷம் போட்டிக்குப் போன யோசனை அவனுடையது. அதில் சந்தேகம் வேண்டாம். கொட்டிய நெல் தானாகக் குவியும்போது, குவியல் சின்னதோ பெரியதோ, சரிவு ஒரே மாதிரிதான் நிற்கிறது என்று அவன் பார்த்திருக்கிறான். சரிவு மாறாது என்றால் உயரத்தை அளக்க வேண்டியதே இல்லை. அடியைச் சுற்றி ஒரு கயிறு போட்டால் போதும், எவ்வளவு நெல் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கயிறு இரண்டு மடங்கு நீண்டால் நெல் எட்டு மடங்கு. ஈர நெல் என்றால் சரிவு இன்னும் செங்குத்தாக நிற்கும், கணக்கு மாறும், அதையும் பார்த்து வைத்திருந்தான். இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாதிச் சொற்களை நான்தான் முடித்துக் கொடுத்தேன். நான் தப்பாக முடித்தபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு அந்தச் சொல்லை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

கூம்பின் கன அளவை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். தினமும் அந்தக் கொள்முதல் நிலையத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் வருகிறேன். எனக்குத் தோன்றவில்லை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வருஷம் எழுதுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஸ்ரீராமைக் கூப்பிட்டு, கோகுலிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொள் என்றேன். மறுநாள் காலை கோகுல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இவனே பேசறேன்னு அடம் புட்ச்சிக்கினு கீறான் மிஸ். ராவுக்கு சோறுகூட துன்னல. ஒரு தபா பேச வுட்டுப் பாருங்க."

"மூணு நிமிஷம்தாம்மா கொடுப்பாங்க."

"நேரமாவும் மிஸ், இல்லன்னு சொல்லல. ஆனா முட்ச்சிடுவான். வூட்ல சொல்லிக் காமிச்சான், எனக்கே புரிஞ்சிது. நீங்க கொஞ்சம் பொறுத்துக்கினா போதும்."

பொறுத்துக்கொள்ளச் சொல்வது எல்லோருக்கும் சுலபம். என் வீட்டுக்காரர் மணவாளனுக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. 'தண்ணீர்' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உலை கொதித்துவிடும். பேச விடுங்கள், பேசப் பேசத்தான் வரும் என்று டாக்டர் சொன்னார். முதலில் விட்டேன். அப்புறம் நானே சொல்லிவிட ஆரம்பித்தேன். தண்ணியா, பாத்ரூமா, டிவியா என்பேன், அவர் தலையை அசைப்பார். இப்போது அப்படிக் கேட்பதுகூட இல்லை, வேளா வேளைக்கு நானே செய்துவிடுகிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது வீட்டிலேயே தீர்ந்துபோய்விடுகிறது, பள்ளிக்கு எடுத்துவர மிச்சமில்லை.

இருந்தாலும் அம்முலுவிடம் சரி என்றேன். மாட்டேன் என்றால், கூலிக்காரி மகன் என்பதால்தான் ஒதுக்குகிறார்கள் என்று பேச்சு வரும். சொர்ணவாரி அறுவடை முடிந்து கொள்முதல் நிலையம் நிறைய நெல் இருந்தது. அதே வகுப்பு அசீம் தன் அத்தா ஜெகபர் சாதிக்கின் போனைக் கொண்டுவந்திருந்தான், உத்திரமேரூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். கேமரா நன்றாக இருக்கும். அசீம் பிடித்தான், கோகுல் கயிற்றைக் குவியலைச் சுற்றிப் போட்டுவிட்டுப் பேசினான். 'கூம்பு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மேலே போகும், உதடு மட்டும் குவிந்தபடியே நிற்கும். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மறுபடி முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து. அசீமுக்குக் கை வலித்துக் கையை மாற்றிக்கொண்டான். பொழுது சாய்கிற வரைக்கும் இதே கதைதான். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரருக்கு மாத்திரை வேளை தப்பிவிட்டிருந்தது.

மறுநாள் மதியம் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அசீமிடமிருந்து போனை வாங்கினேன். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீடியோ வெட்டி ஒட்டுவதற்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், பாடம் நடத்தத்தான். அவன் மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டினேன். பாட்டோ சிரிப்புச் சத்தமோ நான் சேர்க்கவில்லை, அது பிள்ளைகள் பிறகு செய்தது. எழுதும்போது இதைப் பிரித்து எழுதுங்கள். வகுப்பு குரூப்பில் போட்டேன். டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, போனை அசீமிடம் கொடுத்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோ என்றேன்.

ஏன் என் போனிலிருந்து போடவில்லை என்று கேட்பீர்கள். சார்ஜ் இல்லை. இருந்தது, கொஞ்சம் இருந்தது. கையில் அந்தப் போன் இருந்தது, அதனால் அதிலிருந்து போனது.

ஏன் என்று கேட்டால், நான் அதை இரக்கத்தோடுதான் யோசித்தேன். நீ பேச வேண்டாம் என்று நான் சொன்னால் அவன் மனதில் அது முள்ளாகத் தைக்கும். அவனாகவே ஒதுங்கிக்கொண்டால் யார் மேலும் வருத்தம் இல்லை. பத்துப் பேர் சிரிப்பார்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள், அவன் கயிற்றை ஸ்ரீராமிடம் கொடுத்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். வகுப்பு குரூப் என்பது பெற்றோர் போன் எல்லாம் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அது ஊர் முழுக்கப் போகும் என்றும் தெரியாமல் இல்லை. டீக்கடையில் பார்த்தார்கள், பஸ்ஸில் பார்த்தார்கள். அம்முலு வேலை செய்கிற இடத்திலேயே மூட்டை தூக்குகிறவர்கள் உதட்டைக் குவித்துக் காட்டினார்களாம்.

அசீமை ஹெட்மாஸ்டர் பள்ளியை விட்டு நிறுத்தி வைத்தார். அவன் அப்பா பெல்ட்டால் அடித்ததாகக் கேள்விப்பட்டேன். போகும் முன் அசீம் என்னிடம் வந்தான். "போன் உங்க கைலதான மிஸ் இருந்துச்சு," என்றான். பார்த்துப் பேசு என்று மட்டும் சொன்னேன். பையன் கெட்டிக்காரன், அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டான். கடை இருக்கிறது, அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று இருந்துவிட்டேன்.

கோகுல் சில நாள் வரவில்லை. அம்முலுதான் வந்தாள். என் முன்னால் நின்று அழுதாள். "எம்புள்ள இன்னா மிஸ் பண்ணுச்சு? யார் குடிய கெடுத்துச்சு?" என்றாள். சேலையில் நெல் தூசி இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். பிள்ளைகள் விளையாட்டுத்தனமாகச் செய்தது, நான் கண்டிக்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

திரும்பி வந்த அன்று கோகுல் கயிற்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். ஸ்ரீராம் பேசினான், ஒரே டேக்கில் முடிந்தது. மாவட்ட அளவில் முதல் பரிசு. சான்றிதழில் வழிகாட்டி ஆசிரியர் என்று என் பெயரும் இருக்கிறது. அடுத்தது மாநிலச் சுற்று. அதில் நடுவர்கள் நேரில் கேள்வி கேட்பார்களாம். ஈர நெல் ஏன் செங்குத்தாக நிற்கிறது என்று ஸ்ரீராமுக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. சொல்லிக் கொடு என்று கோகுலைக் கூப்பிட்டேன். வந்து நின்றான், என்னைப் பார்த்தபடியே இருந்தான், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பொறுமையாகத்தான் காத்திருந்தேன் ஐயா. மணி அடிக்கும் வரை காத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது, அசீம்கூடப் படம் பிடித்ததை மறந்திருப்பான். அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் சாக்குப் பிடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தக் குவியல் போய்விடும். கடைசியாக ஒரு தடவை என்றேன். கோகுல் கண்ணை மூடித் திறந்தான், பேச ஆரம்பித்தான். 'கூம்பு' வந்த இடத்தில் நின்றான். அவசரப்படாமல் கையால் குவியலின் சரிவைத் தடவிக் காட்டினான், சொல் வந்துவிட்டது. அப்புறம் இன்னும் ஓரிடத்தில் நின்றான், அதையும் தாண்டினான். முடித்துவிட்டான். மூன்று நிமிடம் முடிவதற்குள்ளேயே முடித்துவிட்டான். மூட்டைக்காரர்களில் ஒருத்தர் "அட, ஆமா!" என்றார். அம்முலு தூரத்தில் முறத்தோடு நின்றிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது. கோகுல் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நேரமாயிற்று, கிளம்புங்கள், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் மதியம் நான் முதலில் பார்த்தது அதைத்தான். இரண்டு தடவை பார்த்தேன். பிறகு ஸ்ரீராம் பேசியதைவிட நன்றாக இருந்தது, நான் நடத்துவதைவிடவும் நன்றாக இருந்தது. அது போயிருந்தால் மாவட்டம் என்ன, மாநிலத்திலேயே வந்திருக்கும். ஆனால் அங்கேயும் கேள்வி கேட்பார்கள், அவன் பதில் சொல்வான், எல்லோரும் காத்திருப்பார்கள், பக்கத்தில் நானும் நிற்க வேண்டும். அதை நினைத்தபோதே எனக்கு அசதியாகிவிட்டது. அதை அழித்தேன். அழித்ததை வைக்கிற இடத்துக்குப் போய் அங்கிருந்தும் அழித்தேன். அதற்குப் பிறகுதான் மற்றதை வெட்ட ஆரம்பித்தேன்.

இவ்வளவுதான். அசீமை நாளைக்கே வரச் சொல்லுங்கள், பாடம் போகிறது. கோகுலைப் பற்றி அவன் அம்மா உங்களிடமும் சொல்லியிருப்பாள். வீட்டிலும் பேசுவதில்லையாம், பசிக்கிறது என்றுகூட வாயைத் திறந்து கேட்பதில்லையாம். தாய் மனது, அப்படித்தான் சொல்லும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இவனைக் கூட்டிக்கொண்டு எத்தனை வருஷம் அலைந்தாள், என்ன பலன்? அந்த வீடியோவுக்குப் பிறகு பையன் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.