சுவர்ப் பக்கத்து வெல்டிங்

ராத்திரி ரெண்டே கால் மணி. ஃபேக்டரிக்குப் போற ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. பைக்ல தனியாப் போனது என் கூட்டாளியோட அண்ணன். 'பவுடர்'னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. சிரிக்காதீங்கடா... மூஞ்சிக்குப் பூசுறது இல்ல, இரும்புப் பவுடர். இரும்புல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமில்ல? அது மேல மின்காந்தத்தை வச்சு, சுவிட்சை அமுக்கி, பவுடரைத் தூவுவார். விரிசல் இருந்தா அங்க கோடா ஒட்டிக்கும். கிரேன் ஓடாத நேரம் ராத்திரிதான், அதான் அப்போ வேலை.

மூணு மாசம் முன்னாடி பழைய கிரேன் மேடையைப் பார்த்ததும் இவர்தான். அதைத் தாங்குற இரும்புக்கு நாலு பக்கமும் வெல்டிங். மூணு பக்கம் பார்த்தாச்சு. சுவர்ப் பக்கம் கை நுழையல, சாரம் கட்டணும். "மூணு நல்லாருக்குல்ல? போடுய்யா!"ன்னு இன்ஜினியர் நச்சரிச்சார். இவரும் நாலும் நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டார், பாவி மனுஷன்.

எட்டாம் நாள் மேடை சாஞ்சுது. பல்ப் மாத்த ஏறின எலக்ட்ரீஷியன் யாரு? இவரோட மச்சினன். அக்கா வீட்லயே வளர்ந்தவன். கொஞ்ச நேரம் விளிம்பைப் பிடிச்சுத் தொங்கினானாம்... அப்புறம் முடியல, விழுந்து அங்கயே உசுரு போயிடுச்சு. பார்த்து ஏறலன்னு பழியையும் அவன் தலையிலயே போட்டாங்க. இவர் வீட்ல வாயே திறக்கல.

இப்போ புது மேடை. ஏறி உக்காந்து சுவிட்சை அமுக்கினார். ம்ம்ம்ம்...னு உறுமல். பவுடரைத் தூவினார். விளிம்புல கோடு எழும்புச்சு. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. விரல் அகலத்துக்கு, பக்கம் பக்கமா. விரிசல் அப்படி வராது. துடைச்சுட்டுத் திரும்பத் தூவினார். அதே நாலு... இந்தத் தடவை கீழ் நோக்கி இழுபட்டு, வழுக்கின மாதிரி.

"என்னய்யா, நல்லாருக்கா?" கீழருந்து இன்ஜினியர்.

"நல்லாருக்கு சார்!"

அதே பொய்! மடமடன்னு இறங்கினார். சுவர்ப் பக்கம் இப்பவும் பார்க்கல. கையெழுத்தும் போட்டார். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது.

வீட்டுக்கு வந்தா கதவு திறந்து கிடக்கு. பொண்டாட்டி வாசல்ல நிக்குறா. அழுது அழுது முகமே வீங்கியிருக்கு.

"அன்னிக்கு அந்தச் சுவர்ப் பக்கம் நீங்க பார்க்கவே இல்லையாமே?"

"யாருடி சொன்னா?"ன்னு கத்திட்டார்.

அவ உதட்டுல விரல் வச்சா.

"மெதுவாப் பேசுங்க... தம்பி இப்பதான் கண்ணசந்தான்."