முன்னாடி நிக்கிற ‘இன்’

…கல்நெஞ்சக்காரரும்மா அந்த மேனேஜர், சொல்லி வைக்கறேன். அந்த டிராயரை வேகமா இழுக்காத, கையோட வந்துரும். பதினெட்டு வருஷமா அதை நான் தாஜா பண்ணித்தான் திறக்கறேன். நாளைலேருந்து உன் சீட்டு, உன் டிராயர், உன் தலைவலி. எனக்கு இனிமே கீழ்மாடில பழைய ஃபைல் ரூம். பேச்சுத் துணைக்குக் கரப்பான்பூச்சி.

எல்லாம் என் நாத்தனாரால வந்த வினை. வீட்டுக்கு வந்தா சமையல் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டா, ‘எக்ஸ்க்விசிட்’டும்பா. என் வீட்டுக்காரரு அர்த்தம் புரியாமலே மண்டைய மண்டைய ஆட்டுவாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆபீஸ்ல லெட்டர் எழுதறவ நான், எனக்குத் தெரியாத இங்கிலீஷா? போய்ச் சேந்தேன் ஒரு கிளாஸ்ல. உத்தியோகத்துக்கும் மேல்படிப்புக்கும் உயர்தர ஆங்கிலச் சொல்வளம்னு போர்டு. தினம் அஞ்சு வார்த்தை. ஃப்ரிட்ஜ்ல சீட்டு, கண்ணாடில சீட்டு, பாத்ரூம் கதவுல சீட்டு. படிச்சுக்கிட்டே நின்னு, பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு. வீட்டுக்காரரு தலைவலிக்குதுன்னாரு, தாங்க முடியலயான்னு கேக்காம ‘எக்ஸ்குரூஷியேட்டிங்கா’ன்னு கேட்டேன். மனுஷன் தலகாணியத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு.

ஆபீஸ்லயும் நான் விடல. சரக்கைச் சீக்கிரம் அனுப்புங்கன்னு ஒரு சப்ளையருக்கு எழுதணும். ‘எக்ஸ்பெடிஷியஸ்’னு போட்டேன். அவரு பதறிப்போய் போன் பண்ணி, யாருக்கு என்ன வியாதின்னு விசாரிக்கறாரு…

எங்க விட்டேன்? ஆங், கிளாஸ்ல. வார்த்தைக்கு முன்னாடி ‘இன்’னு ஒண்ணு நிக்குமே, அது. ஒரு நாள் வாத்தியார் சொன்னாரு, வேல்யூபிள்னாலும் மதிப்புள்ளது, இன்வேல்யூபிள்னாலும் மதிப்புள்ளது. ஃப்ளேமபிள்னாலும் தீப்பிடிக்கும், இன்ஃப்ளேமபிள்னாலும் தீப்பிடிக்கும்னு. மீதிய அடுத்த கிளாஸ்ல சொல்றேன்னாரு. நான் போனாத்தானே? அன்னிக்கு நாத்தனார் வந்திருந்தா, அவகிட்ட பேசிக் காட்ட வேண்டாமா? நானே முடிவு பண்ணிட்டேன், முன்னாடி நிக்கிற ‘இன்’ சும்மா அலங்காரம், இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு.

அப்பதான் வருஷக் கடைசி ஃபாரம் வந்துது. உங்க பதவியப் பத்தி ஒரே வார்த்தைல எழுதவும். நான் ‘இன்டிஸ்பென்சபிள்’ ரெடியா வச்சிருந்தேன். நான் இல்லாம இந்த ஆபீஸ் நகராதுன்னு அர்த்தம், நிஜமும் அதானே? ஆனா கட்டம் சின்னதும்மா, எழுத்து இடிச்சுது. அதனால ‘இன்’னை மட்டும் வெட்டிட்டு, ‘டிஸ்பென்சபிள்’னு முத்து முத்தா எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்…

ஏன் இருமற? சிரிப்பு வந்தா சிரிச்சுடு, அடக்காத. இப்ப எனக்கும் தெரியும். இவ இல்லாட்டி ஒண்ணும் குடி முழுகிடாதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்.

அந்த மேனேஜரைத் திட்டினேன்ல? பாவம், அவரு கூப்பிட்டுக் கேட்டாரும்மா. “இந்த வார்த்தைய யோசிச்சுத்தான் போட்டீங்களா?” நல்லா யோசிச்சுத்தான் சார்னேன். அப்பவும் விடல. “அர்த்தம் தெரியும்ல?”னு மெதுவா கேட்டாரு. என்கிட்டயேவான்னு எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. தெரியும் சார், அதுதான் உண்மைன்னு கெத்தா சொல்லிட்டு வந்துட்டேன்.

அறுநூறு வார்த்தை மனப்பாடம் பண்ணினவளுக்கு, ‘தெரியாது சார்’னு ரெண்டு வார்த்தை வாயில வரல… உட்காரும்மா. எவ்ளோ நேரம்தான் நிப்ப.