கம்பெனி திருப்பிக் கேட்ட ஷேர்

"கம்பெனிக்காரன் லெட்டர் போட்டுக் கேட்டா, குடுக்காம எப்படி மாப்ள இருக்கறது?"

சாணார்பட்டி பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் இப்படிச் சொன்னதும் பேப்பரை மடித்துவிட்டேன். மடியில் திருத்திய கணக்கு நோட்டுகள் வைத்திருந்தார். வாத்தியார்தான்.

"இஷ்டம் இருந்தா விக்கலாம்னுதான மச்சான் போட்டிருப்பான்? மியூச்சுவல் ஃபண்டு நடத்துற கம்பெனி, தன் ஷேரைத் தானே வாங்கிக்கிறான். கட்டாயம்னு யாரு சொன்னா?"

"பூரா இங்கிலீஷு. பாதிதான் புரிஞ்சுச்சு. ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் ஷேர் வாங்கிக் குடுத்தவனே நான்தான். புரியலைன்னு சொல்ல வெக்கம். திருப்பிக் கேக்குறாகன்னு சொல்லி, அம்புட்டுப் பேரு ஃபாரத்தையும் நானே நிரப்பி அனுப்பிட்டேன்."

"ஒருத்தர்கூடவா மிச்சமில்ல?"

"வாட்ச்மேன் அந்தோணி மட்டும். அன்னைக்கு லீவுல இருந்தாரு. இப்ப அந்த ஷேரு ஏறிக்கிட்டே போகுது, வருசம் தவறாம டிவிடெண்டும் வருது. நேத்து வீட்டுக்கு சிறுமலை வாழப்பழம் ஒரு தார் கொண்டாந்தாரு. 'என் ஃபாரத்தை மட்டும் அனுப்பாம விட்டீகளே சார்'னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'ஸ்டாஃப் ரூம்ல சொல்லிராதீக அந்தோணி'ன்னேன். தாரை உள்ள கொண்டுபோய் வச்சுக்கிட்டேன்."