நாலாவது காரணம்

— தண்ணி அள்ளுற வேலையை இண்டைக்கு ஆருக்குப் போட்டிருக்கிறியள், பெரியவர்?

— எனக்குத்தான். விடியவே அள்ளிப்போட்டன். வாளியளைப் பாரும், சிசிலியா.

— அட, உண்மைதான். உங்கடை கொம்பியூட்டர் சொல்லிச்சுதோ?

— அது ஒபிசிலை கிடக்கு. வீட்டிலை வேலை பிரிக்கிறது நீர்தானே.

— ஒபிசிலை எனக்கு என்ன உரிமை தந்திருக்கிறியள்? பாக்கலாம், எழுதலாம். எழுதினதை மாத்த ஏலாது. கட்டின பெண்சாதிக்கே அவ்வளவுதான்.

— வீட்டிலை எனக்குப் பாக்க மட்டும்தான் உரிமை. நான் ஏதும் கேட்டனானோ?

— ஐயோ பாவம். இந்தாங்கோ, இந்தப் புட்டையும் சாப்பிடுங்கோ. நான் வெளிக்கிடப் போறன்.

— நீர் சாப்பிட்டுட்டுப் போம். தொண்டைமானாறு வரைக்கும் சைக்கிள் உழக்க வேணுமெல்லே.

— பசிக்கேல்லை. இரத்தினம்மாவின்ரை பிள்ளையைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். போன முறையும் நிறை இறங்கிப்போச்சு. தாய்க்குப் பாலில்லை. வெளியிலை சொல்ல வெக்கம். என்னட்டை மட்டும்தான் சொன்னவ.

— அதையும் எழுதினனீரோ?

— உங்கடை ஆராய்ச்சிக்குப் பிள்ளையளின்ரை நிறையும் உயரமும் போதுமெல்லோ. வெக்கத்தை எழுத அதிலை இடமில்லை. ஒபிசிலை சுகிர்தம் அக்காவுக்கு வாயாலை சொன்னன். பால்மாப் பேணி எடுத்துத் தந்தவ. தராசை எங்கை வைச்சனியள்?

— சைக்கிளிலை கட்டியாச்சு. ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால்…

— கேட்டால் இறங்கி மதிலோடை நிக்கிறன். ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொல்லுறியள். புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ.

*

— உள்ளை வாரும், தம்பி அன்புராஜா. இரும். சிசிலியாவின்ரை முப்பதாம் நாள் பூசை முடியமுன்னம் உம்மை ஒபிசுக்குக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. வேறை வழி தெரியேல்லை.

— பரவாயில்லை. சொல்லுங்கோ, சுகிர்தம் அக்கா.

— அவ பிள்ளை நிறுக்கப் போன வீடுகளை ஆருக்காவது குடுக்கவேணும். ஹெலி அவவைச் சுட்ட நாளிலையிருந்து தொண்டைமானாறுப் பக்கம் ஒருத்தரும் போகேல்லை. நானும் இந்த மிசினோடை மல்லுக்கட்டிப் பாத்திட்டன். அவவின்ரை பேரை மூடாமல் அந்த வீடுகளை வேறை ஆளுக்குத் தரமாட்டுதாம்.

— தராது. நாங்கள்தானே அப்பிடி வைச்சம். வேலை பிரிக்கிறது நான், அதுக்குச் சம்மதிச்சு ஓம் சொல்லுறது நீங்கள். இரண்டு பேரும் இருந்தால்தான் ஒரு வீடு கை மாறும். ஒரு பிள்ளையும் நடுவிலை தவறக்கூடாது எண்டு.

— இப்ப ஒரு ஊரே தவறிப்போச்சு. சும்மா ஆளை அனுப்பலாமெண்டால், மிசின் அடிச்ச துண்டைக் காட்டாமல் ஸ்டோரிலை பால்மா குடுக்கிறாங்களில்லை. ஜெனறேற்றருக்குக் கொஞ்ச எண்ணைதான் கிடக்கு. தொடங்கும், தம்பி.

— சரி… அவவின்ரை பேர் வந்திட்டுது.

— கண்ணைத் துடைச்சுப்போட்டுப் பாரும். அவசரமில்லை.

— இப்பதானே எண்ணை இல்லையெண்டு சொன்னியள்.

— சொன்னன்தான். என்ன கேக்குது?

— ஏன் மூடுறியள் எண்டு காரணம் கேக்குது.

— எதையாவது போடும்.

— மூண்டுதான் இருக்கு. விலகினார். இடமாற்றம். மணமாகிப் போனார்.

— முதலாவதைப் போடும்.

— அவ விலகேல்லை, அக்கா. தராசோடை வேலைக்குப் போனவ.

— அப்ப இரண்டாவது. அது பொய்யில்லைத்தானே. கர்த்தர் அவவைத் தன்ரை…

— செத்தவீட்டிலை எல்லாரும் அதைச் சொல்லி முடிச்சிட்டினம். நீங்களும் சொல்லாதேங்கோ.

— இல்லை, சொல்லேல்லை. மன்னியும்.

— மூண்டாவதைப் பாத்துத்தான் அவ விழுந்து விழுந்து சிரிச்சவ. தாலி கட்டினால் பெட்டையளுக்குக் கால் முறிஞ்சுபோகுமோ எண்டு கேட்டவ. எங்கடை கலியாணம் முடிஞ்ச அடுத்த திங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டவ.

— நான்தான் திட்டித் திருப்பி அனுப்பப் பாத்தனான். போகாமல் நிண்டவ. தம்பி, உதை எழுதினது நீர். செத்துப்போறதை ஏன் சேர்க்காமல் விட்டனீர்?

— வேலை செய்யிறதெல்லாம் இளம் பெட்டையள். மூண்டு வருச ஆராய்ச்சி எண்டு சொன்னியள். மூண்டு வருசத்திலை என்ன நடக்கும், மிஞ்சி மிஞ்சிப் போனால் கலியாணம் நடக்கும் எண்டு நினைச்சன். ஆர் கண்டது?

— இப்ப சேர்க்க ஏலாதோ?

— ஏலும். ஒரு வரிதான். ஆனால் சேர்த்தால் அது அதிலையே கிடக்கும். நாளைக்கு எங்களோடை வேலை செய்யிற குணலட்சுமியின்ரை பேரைத் திறந்தாலும் அவவின்ரை பேருக்குக் கீழை அதுகும் ஒரு காரணமாய் வந்து நிக்கும்.

— அந்தப் பிள்ளையளுக்குத் தெரியாத விசயமோ?

— தெரியிறது வேறை. நான் என்ரை கையாலை எழுதி வைக்கிறது வேறை.

— கேளும். இரத்தினம்மா நேற்று ஆளனுப்பினவ. பிள்ளை அழுகிறதையும் விட்டிட்டுதாம். சிசிலியா மிஸி ஏன் வரேல்லை எண்டு கேட்டு விட்டிருக்கிறா. பாவம், அவவுக்கு ஒண்டும் தெரியாது.

— என்ன சொல்லி அனுப்பினியள்?

— மிஸி வருவா எண்டு. வேறை என்னத்தைச் சொல்ல?

— எழுதுறன்.

— ஆறுதலாய்.

— ‘இறந்தார்.’ எழுதியாச்சு. உங்கடை இரகசியச் சொல்லைப் போடுங்கோ. நான் அங்காலை பாக்கிறன்.

— உதென்ன, இப்பவும் அங்காலை பாக்கிறீர்?

— சட்டம் சட்டம்தானே.

— போட்டிட்டன்.

— மூடிட்டுது. இனி அவவாலை பாக்கவும் ஏலாது, எழுதவும் ஏலாது.

— கொஞ்சம் தண்ணி குடியும்.

— வேண்டாம். வீடுகளை ஆருக்குக் குடுக்கிறது? குணலட்சுமிக்கோ?

— அவ மாட்டா. தாய்மனிசி வந்து, அந்த றோட்டாலை மகளை விடமாட்டன் எண்டு அழுதிட்டுப் போறா. பராசக்தி வீட்டிலையும் அதே கதை. நான் எந்த வாயாலை வற்புறுத்த?

— அப்ப எனக்குப் போடுவம்.

— உமக்கோ? பிள்ளைப்பெத்த வீட்டுக்குள்ளை ஆம்பிளையை ஆர் விடுறது? பாலில்லையெண்டு உம்மட்டை ஒரு தாய் சொல்லுவாவோ?

— பிறகு ஆர்தான் இருக்கினம்?

— என்ரை பேரைப் போடும்.

— உந்த ஏலாத முழங்காலோடையோ? அதோடை மிசினும் விடாது, அக்கா. ஓம் சொல்லுற ஆள் வீடு எடுக்க ஏலாது. தன்ரை வேலைக்குத் தானே ஓம் சொல்லக்கூடாதெண்டு நீங்கள்தான் ஒற்றைக்காலிலை நிண்டனியள்.

— அப்ப என்ரை உரிமையைக் கழட்டி உமக்குப் போடும்.

— இரண்டும் ஒரே ஆளிட்டையோ?

— இந்தக் கட்டிடத்திலை இப்ப வேறை ஆர் இருக்கினம், காட்டும் பாப்பம்.

— …சரி. மாத்திட்டன். தொண்டைமானாறு, சுகிர்தம். நான் ஓம் எண்டு குடுத்தால் துண்டு அடிக்கும்.

— குடும்.

— அந்த றோட்டாலை இன்னொரு ஆளை அனுப்புறதும் என்ரை கையாய் இருக்கவேணுமோ?

— நீர் ஒருத்தரையும் அனுப்பேல்லை. சிசிலியாவும் தன்ரை எண்ணத்திலைதான் போனவ, நானும் அப்பிடித்தான். பிள்ளை பொறுக்காது, தம்பி. குடும்.

— குடுத்திட்டன்.

— ஆ, அடிக்குது. கிழியாமல் எடும். விடிய வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு முன்னம் வந்திடுவன்.

— அக்கா, எண்ணை இருக்கேக்கையே அந்த நாலாவது காரணத்தை அழிச்சுப்போடுறன். அதின்ரை வேலை முடிஞ்சுதுதானே. பெட்டையள் வந்து பாக்கக்கூடாது.

— இப்ப வேண்டாம், தம்பி. நான் திரும்பி வந்தாப் பிறகு அழிக்கலாம்.